வேலை பார்த்தே வேலை கற்ற அனுதாயி



நம்ம மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கக்கா என்று கணக்காளர் தங்கச்சி கேட்டபோது முதலில் தயங்கினேன். பேசச் சொன்னால் பேசிவிடுவேன். எழுதி ரொம்ப நாளாச்சு. ஆனால் போன மாதக் கூட்டத்தில் நடந்த ஒரு பேச்சு மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கூலி வேலைக்குப் போகும் நம்ம உறுப்பினர்களின் கைக்குழந்தைகளுக்காகப் பகல்நேரக் காப்பகம் ஒன்று ஆரம்பிக்கலாம் என்று அன்றைக்குப் பேச்சு வந்தது. நாலு பெண்களைத் தேர்ந்தெடுத்து, நன்றாக நடக்கிற ஒரு மையத்தில் ஆறு மாதம் கூடவே இருந்து வேலை பழக அனுப்பலாம், அந்த ஆறு மாதமும் கூட்டமைப்பு நிதியிலிருந்து அவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கலாம் என்றும் சொன்னார்கள். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா எழுந்தார். புள்ளைய பாத்துக்கிறதுக்கு எதுக்கு பயிற்சி, நாமெல்லாம் பயிற்சி எடுத்துட்டா பெத்து வளத்தோம், அந்தக் காசை ரெண்டு பேருக்கு ஆடு வாங்கக் கடனா குடுக்கலாமே என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சிரித்திருக்கக் கூடாதவள் நான். பால்வாடியில் ஆயாவாகச் சேர்ந்த அன்றைக்கு என் நினைப்பும் அதுதான். ரெண்டு புள்ள பெத்தவளுக்குத் தெரியாததா என்று இறுமாப்போடு போனேன். வீட்டில் ரெண்டு, அங்கே இருபத்திமூணு. ஒன்று அழ ஆரம்பித்தால் ஒன்பது சேர்ந்து அழுதது. எந்தக் குழந்தையை முதலில் தூக்குவது என்று தெரியாமல் நடுக்கூடத்தில் நானும் அழாத குறையாக நின்றேன். எங்கள் டீச்சரம்மா என்னைத் திட்டவில்லை. பத்து நாள் சும்மா கூட நின்று பாருங்க, அப்புறம் செய்யலாம் என்றார். அந்தப் பத்து நாளில் ஒரு மதிய நேரம், குழந்தைகள் தூங்கும்போது, அவர் எனக்குச் சொன்ன கதைதான் அனுதாயி வாக் என்ற அம்மாவின் கதை. பிறகு நானும் தேடித் தேடிப் படித்துக்கொண்டேன். இதை நம்ம எல்லாரும் தெரிந்துகொண்டு, அதன் பிறகு அந்தத் தீர்மானத்தைப் பேச வேண்டும் என்பது என் ஆசை.

கைம்பெண்ணான சிறுமி

அனுதாயி 1910-ம் வருஷம் மார்ச் 17-ம் தேதி, மகாராஷ்டிரத்தில் புனே மாவட்டத்து மோர்காவ் ஊரில் பிறந்தார். விநாயகர் கோயிலுக்குப் பேர்போன ஊர் அது. பெயரைப் பார்த்ததும் தாய் என்று நாம் நினைத்துக்கொள்வோம். மராத்தியில் தாயி என்றால் அக்கா. நாம் தெருவில் மூத்தவளை அக்கா என்று கூப்பிடுகிற மாதிரி, அவரை ஊரே அனு அக்கா என்று கூப்பிட்டது. அவர் அம்மாவாகவில்லை. அதற்கு வாழ்க்கை இடம் கொடுக்கவில்லை.

பதிமூணு வயதில் அவருக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். ஆறு மாதத்துக்குள் கணவர் இறந்துபோனார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணின் கதி என்ன என்று நம்ம பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். வீட்டு மூலையும் அடுப்படியும்தான் உலகம். நல்ல காரியத்தில் முன்னால் வரக் கூடாது. ஆனால் இந்தப் பெண் மறுபடி புத்தகத்தைக் கையில் எடுத்தாள். ஆசிரியர் பயிற்சியை முடித்து, 1929-ல் நாசிக் மாவட்டத்தில் சாந்த்வட் என்ற ஊர்ப் பக்கம் ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஆனாள். அப்போது வயது பத்தொன்பது.

நாலு வருஷம் கழித்து புனே நகரத்தில் ஹுஜூர்பாகா என்ற பெயர்பெற்ற பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்தது. பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு ராத்திரி தானே இரவுப் பள்ளிக்குப் போய் உட்கார்ந்தார். 1937-ல் மெட்ரிக் தேறினார். இருபத்தேழு வயதில் நம்ம பத்தாம் வகுப்பு மாதிரியான ஒரு பரீட்சை. கூச்சப்பட்டிருந்தால் அதோடு நின்றிருப்பார்.

முப்பத்தைந்து வயதில் மறுபடி பழகுநர்

1945-ல் மும்பைக்கு வெளியே போரிவலி என்ற இடத்தில், கிராமத்தில் சேவை செய்ய விரும்பும் பெண்களுக்காக ஒரு முகாம் நடந்தது. அனுதாயி அதற்குப் போனார். அங்கேதான் தாராபாய் மோடக் என்ற அம்மாவைச் சந்தித்தார்.

தாராபாயைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1892-ல் பிறந்தவர், பட்டதாரி. ராஜ்கோட்டில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். அந்த நாளில் ஒரு இந்தியப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய நாற்காலி என்று யோசித்துப் பாருங்கள். அதை விட்டுவிட்டு, குஜராத்தில் பாவ்நகர் என்ற ஊருக்குப் போனார். அங்கே கிஜுபாய் பதேகா என்பவர் சின்னக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் குழந்தைகள் பக்கம் வந்தவர் அவர். அடி கிடையாது, மிரட்டல் கிடையாது. குழந்தை விளையாடி, தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். கல்லூரி முதல்வர் அந்தக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து, கிஜுபாய் பக்கத்தில் இருந்தே இந்த வேலையைப் பழகினார்.

அப்படிப் பழகி வந்த தாராபாய், நகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் இது போதுமா, கிராமத்துப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, 1945-ல் மும்பைக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள போர்டி கிராமத்துக்குப் போனார். அவரோடு கூடப் போனவர் அனுதாயி.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. அப்போது அனுதாயிக்கு முப்பத்தைந்து வயது. பதினாறு வருஷம் பள்ளியில் பாடம் நடத்திய அனுபவம் இருந்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல எல்லா உரிமையும் அவருக்கு இருந்தது. ஆனால் ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை வேறு, பள்ளிப் பிள்ளை வேறு என்று ஒப்புக்கொண்டார். நிலையான வேலையை விட்டுவிட்டு, தன்னைவிடப் பதினெட்டு வயது மூத்த ஒரு பெண்ணின் பக்கத்தில் நின்று முதலிலிருந்து பழகினார்.

முற்றத்துக்குப் போன பள்ளி

போர்டியில் பால்வாடி ஆரம்பித்தார்கள். பால் என்றால் குழந்தை. நாம் இன்னைக்கும் வாய் நிறையச் சொல்கிற பால்வாடி அந்தச் சொல்தான். நாம் குடிக்கிற பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இடம் தயார், டீச்சர் தயார். ஆனால் ஊருக்கு வெளியே இருந்த ஏழைக் குடியிருப்புகளிலிருந்து குழந்தைகள் வரவில்லை. எப்படி வரும்? அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் கூலிக்குப் போய்விடுவார்கள். கூட்டிவர ஆள் இல்லை. ஒதுக்கி வைக்கப்பட்ட சாதிக்காரர்களுக்கு ஊருக்குள் வரவே தயக்கம்.

வரமாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லி அவர்கள் பதிவேட்டை மூடி வைத்துவிடவில்லை. பிள்ளை இங்கே வராவிட்டால் பால்வாடி அங்கே போகும் என்று முடிவு செய்தார்கள். குடிசைகளுக்கு நடுவே இருந்த முற்றத்துக்கே சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முற்றத்துக்கு அவர்கள் பக்கம் ஆங்கன் என்று பெயர். முற்றத்தில் நடந்த வாடி, அங்கன்வாடி ஆயிற்று. நம்ம ஊர் மையத்துச் சுவரில் எழுதியிருக்கிற அந்தச் சொல் அங்கிருந்து வந்தது.

முற்றத்தில் முதல் பாடம் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. குளிப்பாட்டுவது, தலை சீவுவது, நகம் வெட்டுவது. அதன் பிறகுதான் பாட்டும் விளையாட்டும். இதையெல்லாம் அனுதாயி தன் கையால் செய்து செய்துதான் பழகினார். அவரும் அந்தக் காலத்துக் கட்டுப்பாட்டில் வளர்ந்தவர்தான். யாரைத் தொடலாம், யாரைத் தொடக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட காலம். அந்தக் கையாலேயே எல்லாக் குழந்தைகளையும் குளிப்பாட்டினார்.

விளையாட்டுச் சாமானுக்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். இத்தாலி நாட்டு டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மா குழந்தைகளுக்காக அழகான மரச்சாமான்களை உருவாக்கியவர். 1939-ல் நம்ம சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவருடைய முறை தாராபாய்க்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்தச் சாமான்களை வாங்கக் கிராமத்துக்குக் கட்டுப்படியாகாது. போர்டி கடற்கரையில் கிளிஞ்சலுக்குக் குறைவா? கூழாங்கல், இலை, விதை, களிமண் எல்லாம் காசில்லாமல் கிடைத்தன. பெரிசு சின்னது பிரிக்கவும், நிறம் பிரிக்கவும், எண்ணவும் அதையே வைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கூடவே இருந்து பழகும் முறையைத்தான் பிறகு மற்றவர்களுக்கும் வைத்தார்கள். பால்வாடி டீச்சராக வர விரும்பிய பெண்களுக்கு அங்கேயே பயிற்சி கொடுத்தார்கள். நடக்கிற பால்வாடி பக்கத்திலேயே இருந்தது. கேட்டதைக் கண்ணால் பார்க்கலாம், பார்த்ததைக் கையால் செய்யலாம்.

தம்பியைச் சுமந்து வந்த அக்காமார்

1957-ல் அவர்கள் போர்டியிலிருந்து தகாணு வட்டத்தில் இருக்கும் கோஸ்பாட் மலைக்கு இடம் மாறினார்கள். அங்கே இருந்தவர்கள் வார்லி பழங்குடி மக்கள். சுவரில் வெள்ளைக் கோட்டு ஓவியம் வரைவார்களே, அவர்கள்தான். பள்ளிக்கூடம் திறந்தும் பிள்ளைகள் வரவில்லை. ஏன் என்று வீடு வீடாகப் பார்த்தபோது ரெண்டு காரணம் தெரிந்தது. பையன்கள் மாடு மேய்க்கப் போகிறார்கள். பெண் பிள்ளைகள் இடுப்பில் தம்பி தங்கச்சியைச் சுமக்கிறார்கள்.

மாடு மேய்க்கிற பிள்ளைகளுக்காக டீச்சர்கள் மேய்ச்சல் நிலத்துக்கே போனார்கள். மாடு ஒரு பக்கம் மேய, பாடம் ஒரு பக்கம் நடந்தது. பெண் பிள்ளைகளுக்காகக் கைக்குழந்தைக் காப்பகத்தையும் பால்வாடியையும் ஆரம்பப் பள்ளியையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தார்கள். அக்கா தம்பியைச் சுமந்துகொண்டே வருவாள். அவனைக் காப்பகத்தில் விடுவாள், தங்கச்சியைப் பால்வாடியில் விடுவாள், தான் வகுப்புக்குப் போவாள். விகாஸ்வாடி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இதை டீச்சரம்மா சொல்லிக்கொண்டு வந்தபோது நான் எழுந்து குழாயடிக்குப் போய்விட்டேன். முகம் கழுவிக்கொண்டுதான் திரும்பி வந்தேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். அம்மா நாற்று நடப் போக வேண்டும், தம்பிக்கு ஆறு மாதம். மூத்த பொண்ணு நான். இடுப்பில் தூக்கி வைத்தார்கள், அவ்வளவுதான். அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் ஊரில் அன்றைக்கு ஒரு காப்பகம் இருந்திருந்தால் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அனுதாயி அங்கேயும் தன் படிப்பை விடவில்லை. 1961-ல் பி.ஏ. பட்டம் வாங்கினார். வயது ஐம்பத்தொண்ணு. அதைக் கேட்ட தைரியத்தில்தான் நான் முப்பத்தாறு வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதினேன். கணக்கில் ஒரு தடவை போய், மறுதடவை தேறினேன்.

1973 ஆகஸ்ட் 31-ல் தாராபாய் காலமானார். இருபத்தெட்டு வருஷம் பக்கத்தில் நின்று பழகியவர் இப்போது தனியாக நிற்க வேண்டியதாயிற்று. அனுதாயி தளர்ந்துவிடவில்லை. கோஸ்பாட் பொறுப்பை ஏற்று நடத்தினார். 1975 அக்டோபர் 2-ம் தேதி மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தை 33 இடங்களில் தொடங்கியது. அதன் மையங்களுக்கு அங்கன்வாடி என்றே பெயர் வந்தது. போர்டி முற்றத்துச் சொல் நாடு முழுக்கப் போனது.

கோஸ்பாட் மலையிலிருந்து பார்த்த தன் வாழ்க்கையை அவர் மராத்தியில் புத்தகமாக எழுதியிருக்கிறார். பத்மஸ்ரீ விருதும் ஜம்னாலால் பஜாஜ் விருதும் அவரைத் தேடி வந்தன. 1992 செப்டம்பர் 27-ம் தேதி, எண்பத்திரண்டு வயதில் காலமானார்.

பெத்தவளுக்குத் தெரியாதது

இப்போது பின்வரிசை அக்காவின் கேள்விக்கு வருகிறேன். பெத்து வளர்த்த நமக்கு என்ன தெரியாது?

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். மையத்தில் மூணு வயதுப் பாப்பா ஒன்று இருந்தது. கூப்பிட்டால் திரும்பாது, பேசாது. கூச்சம், வீட்டில் செல்லம், அதான் பிடிவாதம் என்று நான் நினைத்தேன். ரெண்டு தடவை அதட்டியும் இருக்கிறேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எவர்சில்வர் தட்டு அடுக்கு அப்படியே சரிந்து விழுந்தது. எல்லாப் பிள்ளைகளும் அலறித் திரும்பின. அந்தப் பாப்பா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது. டீச்சரம்மா என்னைப் பார்த்தார். மறுநாளே அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு காது பரிசோதனைக்குப் போனோம். பாப்பாவுக்குக் காது கேட்கவில்லை.

தட்டு விழுந்த சத்தத்தை நானும்தான் கேட்டேன். அந்த நேரத்தில் எந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று டீச்சரம்மாவுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. கூட நின்று பழகினால் வருவது இதுதான். அன்றைக்குப் பிறகு நான் அதட்டுவதை விட்டேன், கவனிக்க ஆரம்பித்தேன்.

அதனால் நாலு பெண்களையும் அனுப்ப வேண்டும் என்கிறேன். எப்படிப் பழக வேண்டும் என்றும் என் அறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். முதல் மாதம் பார்க்கட்டும். காலையில் குழந்தையை அம்மா கையிலிருந்து எப்படி வாங்குவது, புதுசாக வந்த பிள்ளையின் அம்மாவைக் கொஞ்ச நேரம் கூட உட்கார வைப்பது, எத்தனை பேர் வந்தார்கள் என்று வாசலிலும் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் தலை எண்ணுவது. ரெண்டாவது மாதம் கை கழுவி விடுவது, ஊட்டுவது, கழிப்பறைப் பழக்கம். மூணாவது மாதத்தில் அஞ்சு பிள்ளைகளை வைத்து அரைமணி நேரம் பாட்டும் கதையும் தானே நடத்தட்டும். அப்புறம் எடை பார்த்து எழுதுவது, பெற்றோரிடம் பேசுவது. ஒவ்வொரு நாளும் சாயந்திரம் பழக்கிவிடுகிறவர் பத்து நிமிஷம் உட்கார்ந்து, இன்னைக்கு எது சரியா வந்தது, எது வரவில்லை என்று பேச வேண்டும். அந்தப் பத்து நிமிஷம் இல்லாவிட்டால் அது பயிற்சி ஆகாது, சம்பளமில்லா எடுபிடி வேலை ஆகிவிடும்.

உதவித்தொகையும் கட்டாயம் கொடுக்க வேண்டும். கூலியை விட்டுவிட்டு ஆறு மாதம் பழகு என்றால், வசதி உள்ள பெண்தான் வருவாள். நமக்கு வேண்டியது அந்தக் கைக்குழந்தையின் தெருவிலேயே இருக்கிற பெண்.

ஆட்டுக்கடன் நல்ல கடன்தான், நானே வாங்கி அடைத்திருக்கிறேன். ஆனால் ஆடு மேய்க்கப் போகும்போது பிள்ளையை யாரிடம் விடுவது? மூத்த பொண்ணு இடுப்பில்தானே? போன வருஷம் நம்ம குழுக்களில் எத்தனை வீட்டில் மூத்த பொண்ணு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள் என்று அவரவர் மனசில் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

கிஜுபாய் பக்கத்தில் நின்று தாராபாய் பழகினார். தாராபாய் பக்கத்தில் நின்று அனுதாயி பழகினார். எங்கோ யாரிடமோ பழகிய எங்கள் டீச்சரம்மா பக்கத்தில் நின்று நான் பழகினேன். நாலு பெண்கள் வந்தால் என் பக்கத்திலும் இடம் இருக்கிறது. சொல்லிக்கொடுக்க நான் தயார்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் மறுபடி வரும்போது நான் சிரிக்க மாட்டேன். முதல் கை என்னுடையதாக இருக்கும். பின்வரிசை அக்காவும் கை தூக்குவார் என்ற நம்பிக்கையோடு முடிக்கிறேன்.